பதினோராம் மரம்

வலி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால்
எல்லோரும் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டுவார்கள்.
தொப்புளான் மட்டும்
"பதினோராம் மரத்துல" என்றார்.

சுங்காய் கிளினிக்கில் வியாழன் என்றால் கால்கள்.
செருப்பைக் கழற்றி வைத்துக் காத்திருக்கும்
எழுபதைத் தாண்டிய பாதங்கள்:
மயிர் உதிர்ந்து, மெழுகு பூசினாற்போல் மின்னி,
நகம் தடித்து,
பன்னிரண்டு மணி வெயிலிலும் சில்லென்று.

களிம்பு தடவி, கணுக்காலின் உள்பக்கம்
குச்சியை வைத்தேன்.
"இதுக்குப் பேரு என்னா?"
டாப்ளர்.
"எம் பேரையா வச்சிருக்கானுங்க?"

நல்ல நாளம் மூன்று அசையில் பேசும்.
தேமாங்காய், தேமாங்காய்.
ஐந்தாம் படிவத்தில் மனனம் செய்த வாய்பாடு
வேறெதற்கும் எனக்கு உதவியதில்லை.
அவருடைய இடது காலில் வெகுநேரம் தேடி
இரைச்சலுக்கு அடியிலிருந்து எடுத்தது
ஓரசை.
நாள்.
பிறகு ஓர் இடைவெளி.
நாள்.

அடைப்பு இருக்கிறது என்றேன்.
ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றேன்.
அதை மட்டும் அவர் எண்ணி வைத்திருக்கவில்லை.

ஈப்போவிலிருந்து வந்த கடிதம் நாலே வரி.
வயது எழுபத்தாறு. சிறுநீரகம் பாதிதான் ஓடுகிறது.
படமெடுக்கச் செலுத்தும் சாயம்
மீதிப் பாதியையும் கேட்கலாம்.
புண் இல்லை; இப்போதைக்கு பலூன் வேண்டாம்.
மாத்திரை தொடரட்டும். நடக்கட்டும்.

டாக்டர் இஸ்ஸாத்தி மலாயில் சொன்னதை
நான் தமிழில் சொன்னேன்.
இரண்டு மொழியிலும் அது வைத்தியம் மாதிரி இல்லை.
"நடந்தா வலிக்குதுன்னுதானே வந்தேன்"
என்றார் தொப்புளான், நியாயமாக.
வலிக்கிற வரைக்கும் நடங்க. வலிச்சா நில்லுங்க.
அடங்கினதும் மறுபடி.
பெரிய குழாய் திறக்காது,
சின்னக் குழாய்கள் சுற்றுவழி பழகும்.
"ரோட்டுல மரம் விழுந்தா
லோரி தோட்டத்துக்குள்ள வர்ற மாதிரி."
ஆமாம். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியாது.

முப்பத்தெட்டு வருடம் குலை வெட்டியவர்.
செம்பனைக்குச் செம்பனை ஒன்பது மீட்டர் என்பது
வரைபடத்துக்கு முன் அவர் காலுக்குத் தெரியும்.
அட்டையில் மீட்டர் என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு
மரம் என்று எழுதினேன்.
மார்ச்சில் பதினொன்று. ஏப்ரலில் பதினான்கு.
மே மாதம் பதின்மூன்று, மழை.
சிகரெட்டை விட்ட மாதம் எட்டு; கால் அல்ல, கோபம்.
ஜூலையில் இருபத்திரண்டு.

ஜூலையிலும் குச்சி வைத்துக் கேட்டேன்.
நாள். நாள்.
"இப்ப என்னா சொல்லுது?"
அதேதான் என்றேன்.
"அது பாட்டுக்குச் சொல்லட்டும்" என்று
செருப்பை மாட்டிக்கொண்டார்.

ராக்காயி வியாழக்கிழமைகளில் வருவதில்லை.
மருந்து தெளித்த காலத்து பூட்ஸைப் போலவே
காலுறையையும் நாளெல்லாம் கழற்றாதவர்.
கறுத்த விரலை அதற்குள் வைத்திருந்தார், ஐந்து வாரம்.
"எரிஞ்சிருந்தா வந்திருப்பேனே."
இனிப்புநீர் எரிவதையும் தின்றுவிட்டிருந்தது.
ஈப்போவில் குழாயைத் திறந்தார்கள்,
இரண்டு விரலை எடுத்தார்கள்.
இப்போது நான் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறேன்.
சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் முகம் காட்டி
"புண்ணைக் காட்டும்மா" என்பான்.
அவர் சோற்றுத் தட்டைக் காட்டுவார்.

செப்டம்பர் கடைசி வியாழன்.
தொப்புளான் வந்து உட்கார்ந்தார், மூச்சு வாங்காமல்.
எத்தனை?
"தெரியல. மரம் இல்ல."
மறுநடவுக்காம்.
இயந்திரம் வந்து நிரை நிரையாய்ச் சாய்த்து
சிப்பமாய் நறுக்கிப் போட்டுவிட்டதாம்.
வானம் ரொம்பக் கிட்ட வந்துவிட்டது என்றார்.
பேனாவை மூடப் போனேன்.
"முப்பத்தொன்னு" என்றார்.
எது முப்பத்தொன்று?
"குழி. வெட்டி வச்சிருக்கானுங்க, வரிசையா."

எழுபத்தாறு வயதுக்காரரின் அட்டையில்
மரத்தை அடித்துவிட்டு
அந்தச் சொல்லை எழுத என் கை வரவில்லை.
எண்ணை மட்டும் போட்டேன்.
எட்டிப் பார்த்தார்.
"எழுதும்மா" என்றார்.
"கன்னு வைக்கிற குழிதானே."